ஸ்பேசர் வாங்கும் முன் ஹப்பை அளந்து பாருங்கள்

பிக்-அப்புக்கு வீல் ஸ்பேசர் கேட்டால், "எத்தனை எம்.எம். வேணும்?" என்பதுதான் கடையில் வரும் முதல் கேள்வி. கடைசியாகக் கேட்க வேண்டியது அது. ஹப்பில் சரியாக உட்காராத ஸ்பேசரை எந்தத் தடிமனில் வாங்கினாலும் காசு வீண்.

ஸ்பேசர், ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் அலுமினியத் தட்டு. சக்கரத்தை வெளியே தள்ளுவது மட்டுமே அதன் வேலை. அகலமான டயர் போட்ட பிறகு, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயரின் உள்பக்கம் சஸ்பென்ஷன் ஆர்மில் உரசுகிறது என்றால் ஸ்பேசர் உதவும். மட்கார்டு விளிம்பில் உரசுகிறது என்றால் இதைப் போட்டால் இன்னும் மோசமாகும். உரசிய தடம் டயரில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள்.

முதல் பொருத்தம் ஸ்டட் வட்டம். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், அமெரிக்காவின் செவ்ரோலெ சில்வராடோ 1500 மூன்றுக்கும் ஆறு ஸ்டட், வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. ஃபோர்டு எஃப்-150க்கும் ஆறுதான். ஆனால் 2004 முதல் அதன் அளவு 135. "ஆறு ஸ்டட் வண்டி" என்று சொல்லி வாங்கினால் இங்கேயே இடறும்.

139.7 என்று பொருந்திவிட்டாலும் வேலை முடியவில்லை. நடுத்துளை இருக்கிறதே! ஹைலக்ஸுக்கு 106.1 மி.மீ., டி-மேக்ஸுக்கு 100.1, சில்வராடோவுக்கு 78.1. ஹைலக்ஸ் ஸ்பேசர் டி-மேக்ஸில் சுலபமாக ஏறிவிடும், நட்டும் மாட்டும். ஆனால் ஹப்பைச் சுற்றி 3 மி.மீ. இடைவெளி நிற்கும். சக்கரத்தை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுதும் ஸ்டட்டுகளின் தலையில் விழும். நெடுஞ்சாலையில் வேகம் கூடியதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பிக்கும். ஆகவே துளை ஹப்பை இறுக்கமாகக் கவ்வ வேண்டும். ஸ்பேசரின் வெளிமுகத்திலும், ரிம் உட்கார அதே அளவில் ஒரு விளிம்பு எழும்பியிருக்க வேண்டும். கடைக்காரர் சொல்லை நம்பாமல் வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

வகை இரண்டு. மெல்லியது, 5 மி.மீ. அளவில், பழைய ஸ்டட்டிலேயே செருகுவது. அதில் நட்டு பிடிக்கும் நீளம் குறையும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது நட்டு பிடிக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஹைலக்ஸில் ஸ்டட் 12 மி.மீ., புரி இடைவெளி 1.5. அதாவது கையால் சுற்றினால் எட்டுச் சுற்றாவது போக வேண்டும். ஐந்தாறிலேயே முட்டி நின்றால், ஒன்று நீள ஸ்டட், இல்லையென்றால் ஸ்பேசரே வேண்டாம். மற்றது தடித்தது, தனக்கென்று ஸ்டட் உள்ளது. இது சுமார் 25 மி.மீ.க்குக் குறைந்தால் பழைய ஸ்டட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டு ரிம்மில் இடிக்கலாம். வார்ப்பு அலுமினியத்தை விட்டு, ஃபோர்ஜ் செய்த 6061-டி6 என்று பார்த்து வாங்குங்கள்.

இப்போது தடிமனுக்கு வரலாம். ஹைலக்ஸ் கம்பெனி ரிம்மின் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் தூரம், +30 மி.மீ. அதில் 30 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஆஃப்செட் பூஜ்யம். இரண்டு பக்கமும் சேர்த்து வண்டியின் சக்கர அகலம் 60 மி.மீ. கூடும். பேரிங்கில் பாரம் ஏறும், பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையில் உதைக்கும். உரசல் நிற்கத் தேவையான அளவுக்கு மேல் ஒரு மி.மீ. கூட வேண்டாம் என்பேன். கம்பீரத்துக்காக மட்டும் என்றால், ஆஃப்செட் குறைந்த ரிம் வாங்குவது மேல்: பேரிங்கில் பாரம் அதே அளவு ஏறும், ஆனால் கழன்றுகொள்ளக்கூடிய இணைப்பு ஒன்று குறையும். தினமும் லோடு அடிக்கும் வண்டிக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மாட்டும்போது ஹப் முகத்தின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். டிஸ்க்கைப் பிடித்துவைக்க ஸ்டட்டில் கம்பெனி போட்ட மெல்லிய கிளிப் வாஷர் இருந்தால் கழற்றிவிடுங்கள்; அது ஒன்று தங்கினாலும் ஸ்பேசர் சமமாக உட்காராது. நட்டின் அடிப்பகுதியும் ரிம்மின் குழியும் ஒரே வடிவமாக இருக்கட்டும்: சில டொயோட்டா அலாய்களுக்குத் தட்டை வாஷர் நட்டு, வெளிச்சந்தை ரிம்களில் பெரும்பாலும் கூம்பு. ஏர் கன்னை ஒதுக்கிவிட்டு, டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்குங்கள். நூறு கிலோமீட்டர் போல ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும். தடித்த வகையில் உள்ளே இருக்கும் நட்டுகளைப் பார்க்க ரிம்மைக் கழற்றியே ஆக வேண்டும். அந்தச் சோம்பலில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் வி.எஸ்.பி. 14 வாகன மாற்றியமைப்பு விதிகள், வண்டி கம்பெனியே பொருத்தியது தவிர வேறு ஸ்பேசரை அனுமதிப்பதில்லை. இந்தியாவில் வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. மாட்டுவதற்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.