ஸ்விஃப்ட் கத்துக்கிறீங்களா? லூப்புக்குள் சேர்த்த டேட்டா காணாமல் போவது ஏன்?

ஐபோன் ஆப் எழுதக் கிளம்பும் பலர் முதல் சில நாட்களிலேயே முட்டி நிற்கும் இடம் இது. ஒரு அர்ரே, அதில் எண்களைச் சேர்க்க ஒரு ஃபார் லூப். ஐந்து முறை ஓடுகிறது. லூப்புக்குள் பிரிண்ட் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு எண்தான். வெளியே பிரிண்ட் போட்டாலோ, அப்படி ஒரு பெயரே தெரியாது என்கிறது கம்பைலர். சேர்த்ததெல்லாம் எங்கே போச்சு?

உண்டியலில் தினமும் பத்து ரூபாய் போடுறீங்கன்னு வச்சுக்குவோம். ஆனால் தினமும் காலையில் புது உண்டியல் வாங்கி, ராத்திரி அதைத் தூக்கிப் போட்டுவிட்டால் எப்படிச் சேரும்? அர்ரேயை லூப்பின் அடைப்புக்குறிக்குள் உருவாக்கினால் நடப்பது இதுதான். ஒவ்வொரு சுற்றும் காலி அர்ரேயோடு தொடங்கும். சுற்று முடிந்ததும் அது போய்விடும். அர்ரேயை லூப்புக்கு முன்னால் உருவாக்குங்கள். உள்ளே ‘அப்பெண்ட்’ மட்டும் இருக்கட்டும்.

உருவாக்கும்போது ‘வேர்’ என்று எழுத வேண்டும், ‘லெட்’ அல்ல. ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து வருபவர்கள் இங்கே குழம்புவார்கள். அங்கே ‘கான்ஸ்ட்’ போட்ட அர்ரேயிலும் புதிதாகச் சேர்க்கலாம். ஸ்விஃப்ட்டில் அர்ரே என்பது ஒரு ஸ்ட்ரக்ட். ‘லெட்’ போட்டால் உள்ளே இருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இது கம்பைலரே பிடித்துக் கொடுக்கும் தப்பு என்பதால் பெரிய கவலை இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. அப்பெண்டுக்குப் பதிலாக, காலி அர்ரேயின் பூஜ்ஜியமாவது இடத்தில் நேரடியாக மதிப்பை வைப்பது. கம்பைலர் வாயே திறக்காது. ஓடும்போதுதான் ‘இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று ஆப் அப்படியே மூடிக்கொள்ளும். டெஸ்ட் செய்யும்போது அர்ரேயில் ஏற்கெனவே நாலு ஐட்டம் இருந்திருக்கும். எல்லாம் சரியாக ஓடியிருக்கும். புதிதாக இன்ஸ்டால் செய்தவரின் போனில் லிஸ்ட் காலி. அவர் ஆப்பைத் திறந்ததுமே கிராஷ். குறிப்பிட்ட அளவு இடம் முன்கூட்டியே வேண்டுமென்றால், ‘ரிப்பீட்டிங், கவுண்ட்’ கொடுத்து அர்ரேயை நிரப்பி வைத்துக்கொள்ளலாம். அதன்பிறகு இண்டெக்ஸ் போட்டு மாற்றுவதில் தப்பில்லை.

ஒரு அர்ரேயைச் சுற்றிக்கொண்டே அதிலேயே சேர்த்தால்? பைத்தானில் அப்படிச் செய்தால் லூப் நிற்கவே நிற்காது. ஸ்விஃப்ட்டின் ஃபார்-இன் லூப், தொடங்கும்போது இருந்த அர்ரேயின் நகலில்தான் சுற்றுகிறது. மூன்று எண் இருந்தால் மூன்றே சுற்று. முடிவில் அர்ரேயில் ஆறு எண். ஆனால் ‘வைல்’ லூப்பில் ஒவ்வொரு முறையும் ‘கவுண்ட்’ பார்த்துக்கொண்டே சேர்த்தால், இங்கேயும் மாட்டிக்கொள்வீர்கள்.

கிளாஸ் வந்தால் கதை தலைகீழ். மாணவர் என்று ஒரு ஆப்ஜெக்டை லூப்புக்கு வெளியே உருவாக்கி, உள்ளே பெயரை மட்டும் மாற்றி மாற்றிச் சேர்த்தால், அர்ரே முழுக்கக் கடைசிப் பெயரே இருக்கும். சேர்ந்தது ஒரே ஆள்தான், ஐந்து தடவை. ஆக, உண்டியல் வெளியே இருக்க வேண்டும். அதில் போடும் காசு ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக வர வேண்டும்.

வேகம்? அப்பெண்ட் பற்றிப் பயப்பட வேண்டாம். இடம் தீரும்போதெல்லாம் அர்ரே தன் கொள்ளளவை மொத்தமாகப் பெருக்கிக்கொள்கிறது. பழைய அர்ரேயோடு ஒரு எண்ணைக் கூட்டி, அதைப் புது அர்ரேயாக எழுதுவதுதான் மெதுவான வழி. சுற்றுக்குச் சுற்று எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டியிருக்கும். இருக்கும் எண்களை எல்லாம் இரண்டால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால், லூப்பே வேண்டாம், ‘மேப்’ போதும்.

இன்னொன்று. ஸ்விஃப்ட் வெளிவந்த 2014-ஐ ஒட்டிய வீடியோக்களைப் பார்த்து அப்படியே டைப் செய்தால் எர்ரர் வரலாம். சி மொழி பாணியில் மூன்று பகுதியாக எழுதும் ஃபார் லூப்பையும், இரட்டை பிளஸ் குறியையும் 2016-ல் வந்த ஸ்விஃப்ட் 3-லேயே நீக்கிவிட்டார்கள்.