கரண்ட் போனா மாடி சோலார் ஓடுமா? மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன் இதைப் படிங்க!

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்ட கிராமங்கள் பலவும் கரண்ட் இல்லாமல் தவித்தன. மாடியில் சோலார் இருந்தால் இந்தத் தொல்லை இருக்காதே என்று தோன்றும். ஆனால் மானியத்தில் வழக்கமாகப் பொருத்தப்படும் சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் ஓடாது.

ஏன் அப்படி?

இது 'ஆன்-கிரிட்' வகை. பேனலில் உற்பத்தியாகும் மின்சாரம் வீட்டுக்குப் போக, மிச்சம் ஈபி லைனுக்குப் போகும். லைன் செத்த நேரத்திலும் அப்படிப் போனால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இன்வெர்ட்டர் தானாக ஆஃப் ஆகிவிடுகிறது. மின்வெட்டிலும் ஓட வேண்டும் என்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். பேட்டரிக்குத் தனி மானியம் கிடையாது.

மானியம் எவ்வளவு?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிஎம் சூர்யகர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ரூ.78,000. பேனல் பொருத்தி, மீட்டர் மாட்டிய பிறகுதான் இந்தப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும். அதுவரை கைக்காசு அல்லது வங்கிக் கடன்தான். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இடிப்பது இந்த இடம்தான்.

யாருக்கு லாபம்?

1 கிலோவாட் பேனலுக்கு சுமார் 100 சதுர அடி நிழல் விழாத மாடி வேண்டும். ஒரு நாளைக்கு சராசரியாக 4 யூனிட், ரெண்டு மாசத்துக்கு ஏறக்குறைய 240 யூனிட் கிடைக்கும். ஃப்ரிட்ஜ், ஏசி, தண்ணி மோட்டார் என்று 400, 500 யூனிட் ஓடும் வீட்டுக்கு இது நல்ல கணக்கு.

ஒரு ஃபேன், நாலு எல்இடி பல்பு, டிவி மட்டும் உள்ள வீட்டுக்கு? தமிழ்நாட்டில் ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பில்லே வராத வீட்டில் சோலார் எதை மிச்சப்படுத்தும்? விற்க வருபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஏழை வீட்டுக்கு வழியே இல்லையா?

கென்யாவில் ஈபி லைன் போகாத வீடுகளுக்கு எம்-கோபா நிறுவனம் 2012 முதல் சிறிய பேனல், பேட்டரி, பல்பு கொண்ட செட்டைக் கொடுத்து, மொபைல் பணத்தில் தினசரித் தவணையாக வசூலித்தது. நம்ம ஊரிலும் இது புதுசு இல்லை. 2011-12ல் தொடங்கிய முதல்வரின் சூரியசக்தி பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டுக்கு 5 சோலார் விளக்குகள் கொடுத்தார்கள். புயல் ராத்திரியில் உதவுவது இந்த மாதிரி பேட்டரி செட்தான். ஆனால் சில வருஷத்தில் பேட்டரி மாற்ற வேண்டும், அந்தச் செலவு வீட்டுக்காரர் தலையில்.

விண்ணப்பிக்கும் முன்...

கடந்த ஒரு வருஷ ஈபி பில்லை எடுத்து யூனிட்டைக் கூட்டிப் பாருங்க. மின் இணைப்பு உங்க பேரில் இருக்கா என்று பாருங்க. அப்பா, தாத்தா பேரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றத்தை முடிங்க. திட்டத்தின் இணையதளத்தில் பதிவான விற்பனையாளர் மூலம், உள்நாட்டுத் தயாரிப்பு பேனல் போட்டால்தான் மானியம் உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன், "கரண்ட் போனா ஓடுமா?" என்று கேட்டு, பதிலைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிடுங்க.