பேராலய அகமும் நிழற்படச் சான்றும்

கட்டடக் கலையை ஆராய்வோர் பலர், தாம் நேரிற் காணாத பேராலயங்களை நிழற்படங்களின் வாயிலாகவே அறிகின்றனர். ஆகவே, அப்படங்கள் எத்துணை நம்பத்தக்கன என்னும் வினா எழுதல் இயல்பே. அதற்கு விடை காண, அவை உருவாகும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும்.

பேராலயத்தின் அகத்தைப் படமெடுப்பார்க்கு இடையூறுகள் மூன்று. முதலாவது ஒளியின் ஏற்றத்தாழ்வு. சாளரத்து ஒளி, தூண்மறைவின் இருளினும் பன்மடங்கு மிக்கது; இருளுக்கேற்ப ஒளியூட்டின் சாளரம் வெளிறும்; சாளரத்துக்கேற்ப ஊட்டின் தூண்கள் மறையும். இரண்டாவது உயரம். கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால் நேர்நின்ற தூண்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்வனபோல் தோன்றும். எனவே, கருவியை மட்டமாக நிறுத்தி வில்லையை மட்டும் மேலே உயர்த்துவர். மூன்றாவது காலம். அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவுறல் வேண்டி, வில்லையின் துளையைச் சுருக்குவர். சுருக்கவே, ஒளி ஏற்கும் நேரம் நீளும். அந்நேரத்தில் அவ்வழி நடந்து செல்வோர் உருவம் படத்திற் பதியாது போதலும் உண்டு. மக்கள் வழங்கும் ஆலயம் ஆளற்ற ஆலயமாகப் படத்தில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

இத்துறையில் தலைசிறந்தவர் பிரெடெரிக் எவான்ஸ் (1853–1943). இலண்டனில் நூல் வணிகராயிருந்த இவர், 1898-இல் அவ்வணிகத்தை விட்டு இங்கிலாந்து, பிரான்சு நாட்டுப் பேராலயங்களைப் படமெடுத்தார். ஓர் ஆலயத்தில் பன்னாள் தங்கி, ஒளி செல்லும் நெறியை நோக்கியிருந்து, உரிய பொழுதில் எடுப்பது இவர் வழக்கம். வெல்சு பேராலயத்தில் 1903-இல் இவர் எடுத்த 'படிகளின் கடல்' என்னும் படம் புகழ்பெற்றது. பல நூற்றாண்டுகளாக அடிகள் பட்டுத் தேய்ந்த கற்படிகள் அலைபோல் எழுந்து, ஒருபால் குருமார் அவைமண்டபத்துக்கும் நேரே மேலுள்ள வாயிலுக்கும் செல்லுதலை அதிற் காணலாம்.

எவான்ஸ் எதிர்ப்படத்தைத் திருத்துதலை விரும்பாதவர். உள்ளதை உள்ளவாறே பிளாட்டினத் தாளிற் பதித்தவர். எனினும், ஆலயத்தாரை வேண்டி இருக்கைகளையும் விளக்குகளையும் அகற்றச் செய்தே சில படங்களை எடுத்தார். தகட்டிற் பொய்யில்லை, ஆயினும், தகட்டின் முன்னர்த் தேர்வு நிகழ்ந்துவிட்டது. ஆதலின், அப்படங்கள் கல்லின் வடிவுக்குச் சான்றாம். ஆலயத்தின் அன்றாட வழக்குக்குச் சான்றாகா.

இவ்வேறுபாடு வீண் நுணுக்கமன்று. பாரிசு நோத்ர தாம் பேராலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்னும் கலைவரலாற்றறிஞர் 2010-இல் லேசர்க் கதிரால் அளந்து பதிவு செய்தார். அவர் 2018-இல் மறைந்தார். மறு ஆண்டு ஏப்பிரல் 15-ஆம் நாள் அவ்வாலயத்தின் மரக்கூரை தீக்கிரையாயிற்று. அவர் விட்டுச்சென்ற அளவைகள் சீரமைப்பார்க்குத் துணையாயின. 2024 திசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. மூலம் அழிந்தவிடத்துப் பதிவே மூலமாகிறது. அப்பொழுது அது யாது காட்டுகிறது, யாது விடுகிறது என்பது தெரிந்திருத்தல் இன்றியமையாதது.

ஆகவே, அகப்படத்தைச் சான்றாகக் கொள்வார், எடுத்த ஆண்டும் பொழுதும், கருவி நின்ற இடமும், அகற்றப்பட்ட பொருள்களும் எவை என வினவுதல் வேண்டும். படமெடுப்பார் அவற்றை உடனெழுதி வைத்தல் வேண்டும். ஏடு பெயர்த்தெழுதுவோர் தாம் விட்ட வரியைக் குறித்து வைப்பின், பின்வரும் பதிப்பாசிரியர் பிழைபடார். அதுவே இதற்கும் முறையாகும்.