எவர்சில்வர் மேல் ஒட்டிவரும் பிலிம்: வணிகர்கள் கவனிக்க வேண்டியவை



மளிகைக் கடையோ, எண்ணெய்க் கடையோ, பலகாரக் கடையோ, இன்று எவர்சில்வர் இல்லாத கடையைப் பார்ப்பது அரிது. மேசை, தராசுத் தட்டு, ரேக்கு, குளிர்பெட்டி, வாசலில் மாட்டும் பெயர்ப் பலகை என்று எல்லாமே பளபளப்பான மேற்பரப்பு உள்ளவை. இவை கடைக்கு வந்து இறங்கும்போது மேலே மெல்லிய பிளாஸ்டிக் ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. சில நீல நிறத்தில் இருக்கும். சில கண்ணாடி போலத் தெரியும். சில வெளிப்பக்கம் வெள்ளையாகவும் உள்பக்கம் கறுப்பாகவும் இருக்கும்.

நம்மில் பலர் இதை உரிப்பதே இல்லை. "இருக்கட்டும், கீறல் விழாது, பார்க்கவும் புதுசாகத் தெரியும்" என்று விட்டுவிடுகிறோம். மொத்த வியாபாரத்தில் இருக்கும் எங்களிடம் வரும் புகார்களில் கணிசமானவை இந்தப் பழக்கத்தால் வருபவை. சரக்கும் கெடுகிறது, நஷ்டஈடு கேட்கும் உரிமையும் போகிறது. ஆகவே இந்தப் பிலிம் எதற்காக ஒட்டப்படுகிறது, எத்தனை நாள் இருக்கலாம், எப்படி உரிப்பது என்பதை நாம் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒட்டவும் வேண்டும், உரியவும் வேண்டும்

சாதாரணப் பசை என்றால் ஒட்டியது விடக்கூடாது. இந்தப் பிலிமில் உள்ள பசையோ வேலை முடியும்வரை பிடித்திருந்து, பின் தடம் தெரியாமல் பிரிய வேண்டும். இந்த வகைப் பசைக்கு நூறு ஆண்டு வரலாறு உண்டு. அமெரிக்காவில் கார்களுக்கு இரண்டு வண்ணம் அடிக்கும் வழக்கம் வந்தபோது, ஒரு பாகத்தைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு மற்ற பாகத்துக்கு வண்ணம் அடித்தார்கள். காகிதத்தைப் பிரித்தால் புது வண்ணமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. இதற்குத் தீர்வாக ரிச்சர்டு டுரூ என்பவர் 1925-ல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். பின்னர் 1933-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பாலித்தீன் தற்செயலாகக் கிடைத்தது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நம் கைக்கு வரும் பிலிம்.

தகட்டு வியாபாரத்தில் "பி.வி.சி. போட்ட தகடு" என்று கேட்பார்கள். பெயர் அப்படி நிலைத்துவிட்டதே தவிர, பெரும்பாலும் அது பாலித்தீன்தான். கனம் 30 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். ஆகவே 50 மைக்ரான் பிலிம் என்பது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு.

பசையின் வலுவும் சரக்குக்குத் தக்கபடி மாறும். கண்ணாடி போன்ற வழவழப்பான தகட்டுக்கு வலுக் குறைந்த பசை போதும். கோடு கோடாகத் தேய்த்த தகட்டுக்கும், பவுடர் வண்ணம் பூசியதற்கும் சற்று வலுவானது வேண்டும். வலுக் குறைந்தால் லாரியிலேயே காற்றில் உரிந்து புழுதி உள்ளே போய்விடும். வலு மிஞ்சினால் உரிக்கும்போது பசை தகட்டிலேயே தங்கிவிடும்.

ஆலையிலிருந்து நம் கடை வரை

சேலம் உருக்காலை 1981-ல் எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கியது. எந்த ஆலையில் உருட்டினாலும் தகடு நேராக நம் கடைக்கு வருவதில்லை. சுருளாக வந்து, வெட்டுமிடத்தில் வெட்டி, பட்டறையில் மடக்கி, பற்றவைத்து, பாலிஷ் போட்டு, லாரியில் ஏற்றி, இறக்கி என்று பல கைகள் மாறித்தான் மேசையாகவோ ரேக்காகவோ வந்து சேர்கிறது. மடக்கும் எந்திரத்தின் அச்சு பட்டுக் கீறல் விழாமல் இருக்கவும், பட்டறைத் தரையில் இழுபட்டுக் கெடாமல் இருக்கவும் பிலிம் ஒட்டியபடியே வேலை செய்கிறார்கள்.

பற்றவைக்கும் இடத்தில் மட்டும் பிலிமை நாலு விரல் அகலமாவது பின்னுக்கு உரித்துவிட வேண்டும். இல்லையென்றால் சூட்டில் பிளாஸ்டிக்கும் பசையும் தகட்டோடு கருகிவிடும். லேசரில் வெட்டுவதற்கென்றே தனிப் பிலிம் உண்டு. சாதாரணப் பிலிமோடு லேசரில் வெட்டினால் அது உப்பிக்கொண்டு வெட்டைக் கெடுக்கும். பட்டறையில் மேசை செய்யச் சொல்லும்போதே இதையெல்லாம் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

எதைக் காக்கும், எதைக் காக்காது

பிலிம் கீறலையும் தூசியையும் கைரேகையையும் தடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒடுக்கு விழுவதைத் தடுக்காது. மேலே கனமான சரக்கை வைத்தால், கயிற்றின் முடிச்சு அழுந்தினால், பிலிம் அப்படியே இருக்க அடியில் தகடு ஒடுங்கியிருக்கும். பிலிம் இருக்கிறதே என்று மூலைக்கு அட்டை வைக்காமல், நடுவில் காகிதம் போடாமல் ஏற்றி அனுப்புவது தவறு.

தண்ணீரையும் அது முழுதாகத் தடுக்காது. ஓரம் சற்றே தூக்கியிருந்தால் அந்த வழியாக ஈரம் உள்ளே போகும், ஆனால் வெளியே வராது. மளிகைக் கடைக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. நம் கடையில் உப்பு உண்டு, புளி உண்டு, ஊறுகாய் உண்டு. உப்பு கலந்த ஈரம் பிலிமுக்கு அடியில் காற்றுப் படாமல் தங்கினால் எவர்சில்வரிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு ஏற்படும். 304 ரகமே இதற்கு முழுதும் தப்பாது. விலை குறைந்த 202 போன்ற ரகங்களில் இன்னும் சீக்கிரம் வரும். "எவர்சில்வர் என்று கொடுத்தீர்கள், துரு பிடித்துவிட்டதே" என்று வரும் புகார்களில் சிலவற்றுக்குக் காரணம் ஓரம் கிழிந்த பிலிமோடு மாதக்கணக்கில் புழங்கியதுதான்.

பிலிம் ஒட்டிய மேசை மேலேயே கத்தியால் வெட்டுவது, பலகாரம் பரப்புவது எல்லாம் கூடவே கூடாது. கிழிந்த துணுக்கு சரக்கில் கலந்தால் வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல முடியாது.

பிலிமுக்கும் கெடு உண்டு

நாம் விற்கும் சரக்குக்குக் காலாவதித் தேதி இருப்பதுபோல இந்தப் பிலிமுக்கும் உண்டு. நிழலில், சூடு இல்லாத இடத்தில், ஆறு மாதத்துக்குள் உரித்துவிடுவது பொதுவாகப் பாதுகாப்பானது. வெயிலில் வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. வெயில் படுவதற்கென்று செய்யப்படாத பிலிம் சில வாரங்களிலேயே கெட்டுவிடும். பிளாஸ்டிக் நொறுங்கி, நகத்தால் சுரண்டினால் துணுக்குத் துணுக்காக வரும். பசை தகட்டில் காய்ந்து பிடித்துக்கொள்ளும். ரப்பர் பசை வெயிலில் சீக்கிரம் கெடும், அக்ரிலிக் பசை சற்றுத் தாங்கும். ஆனால் வெளியே பார்த்து எந்தப் பசை என்று நம்மால் சொல்ல முடியாது. ஆகையால் எல்லாவற்றையும் சீக்கிரம் உரித்துவிடுவதே புத்திசாலித்தனம்.

குளிர்பெட்டிகளில் இன்னொரு விஷயம். மேலே மூடி திறக்கும் வகைப் பெட்டிகள் பலவற்றில் உள்சூட்டை வெளியே தள்ளும் குழாய்கள் பக்கவாட்டுத் தகட்டுக்குப் பின்னாலேயே ஓடுகின்றன. அந்தப் பக்கம் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே ஒட்டியிருக்கும் பிலிம் நாள்தோறும் சூடேறி இறுகிவிடும். பெட்டியை ஓட விடுவதற்கு முன்பே உரித்துவிட வேண்டும்.

வாசலில் மாட்டும் அலுமினியப் பலகைகளின் பிலிமில் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். எல்லாப் பலகைகளையும் அம்பு ஒரே திசையில் இருக்கும்படி மாட்ட வேண்டும். இல்லையென்றால் வெளிச்சத்தில் ஒன்றுக்கு ஒன்று நிறம் மாறித் தெரியும். மாட்டி முடித்த பின் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் உரித்துவிடுங்கள். பாதியை உரித்து மீதியை அடுத்த விசேஷம்வரை விட்டுவைத்தால் நிறம் ஒத்துப்போகாது.

குடோனில் வைக்கும்போது தானிய மூட்டைக்கு நாம் வைத்திருக்கும் விதியே இதற்கும் பொருந்தும். முந்தி வந்தது முந்திப் போக வேண்டும். வந்த தேதியைப் பிலிம் மேலேயே மார்க்கரால் எழுதிவைத்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடும் முன்

பணம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். லாரிக்காரர் அவசரப்படுத்துவார். மேலே பிலிம் பளிச்சென்று இருக்கும். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். நான்கு மாதம் கழித்து பிலிமை உரித்தால் அடியில் ஒடுக்கும் கீறலும் தெரியும். அனுப்பியவர் "லாரியில் ஆகியிருக்கும்" என்பார். லாரி ஆபீசில் "உங்கள் கடையில் ஆகியிருக்கும்" என்பார்கள். இருவர் சொல்வதையும் பொய் என்று நிரூபிக்க நம் கையில் ஒன்றும் இருக்காது.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாங்குபவருக்குச் சரக்கைப் பரிசோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு தருகிறது. அந்த வாய்ப்பு கிடைக்கும்வரை அவர் சரக்கை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஆனால் நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே அதே சட்டம் கருதும். பிலிமை உரிக்காமல் வைத்திருந்தோம் என்பது பரிசோதிக்க வாய்ப்பே இல்லை என்பதற்குச் சமம் ஆகாது. லாரியில் சேதமான சரக்கு விஷயத்தில், 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் உள்ளது. அதன்படி, சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் பிறகு வழக்குப் போட முடியும். கணக்கு ஆரம்பிப்பது சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல, புக் செய்த நாளிலிருந்து என்பதை மறக்கக் கூடாது.

ஆகவே சரக்கு இறங்கியதும் நான்கு மூலைகளிலும் ஒரு சாண் அளவு பிலிமை உரித்துப் பாருங்கள். சந்தேகப்படும்படி மடிப்போ அழுத்தமோ தெரிந்தால் அந்த இடத்தையும் உரியுங்கள். சேதம் இருந்தால் லாரிக்காரர் கையில் உள்ள ரசீதிலேயே எழுதி, கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க நேரமில்லை என்றால் "பிலிமுக்கு அடியில் பார்க்கப்படவில்லை" என்றாவது எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டொரு நாளில் முழுதும் பார்த்து, குறை இருந்தால் அனுப்பியவருக்கும் லாரி ஆபீசுக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிலிம் ஒட்டியிருப்பதாலேயே ஒரு சரக்கு புதியது என்று முடிவு செய்யக்கூடாது. இந்தப் பிலிம் சுருள் சுருளாகக் கடைகளில் கிடைக்கிறது. பழைய மேசைக்குப் பாலிஷ் போட்டு மேலே புதுப் பிலிம் ஒட்டி விற்க எவராலும் முடியும். விலை பேசும்போதே உரித்துக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

உரிக்கும் முறை

ஒரு மூலையைத் தூக்கி, பிலிமைப் பின்பக்கமாக மடித்து, தகட்டை ஒட்டினாற்போல் நிதானமாக ஒரே சீராக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தாலோ நடுவில் நிறுத்தி நிறுத்தி இழுத்தாலோ பசைக் கோடு விழும். வெயிலில் காய்ந்த தகட்டை நிழலில் ஆறவைத்த பிறகே உரியுங்கள். நாள்பட்டு இறுகியிருந்தால் முடி உலர்த்தும் கருவியால் இதமாகச் சூடுகாட்டினால் பசை இளகும்.

பசை தங்கிவிட்டால் துணியில் சிறிது மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ நனைத்துத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. இரும்புக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். அதன் துகள் தகட்டில் தங்கித் துரு பிடிக்கும். பிளீச்சிங் பவுடரும் எவர்சில்வருக்கு ஆகாது. வண்ணம் பூசிய சாமான் என்றால் மறைவான மூலையில் சோதித்துப் பார்த்துச் செய்யுங்கள். அக்ரிலிக் பெட்டிகளுக்கு வெறும் சோப்புத் தண்ணீர்தான். தின்னர் பட்டால் மங்கி, மயிரிழை போல வெடிப்பு விடும்.

உரித்த பிலிமைத் தெருவில் எறிந்தால் மாடு தின்றுவிடும். பசை உள்ளதால் தின்பண்டம் மடிக்கவும் அது ஆகாது. சுருட்டிக் கட்டி, பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் சேர்த்துவிடுங்கள்.

மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. "பிலிமை இத்தனை நாளுக்குள் உரிக்கவும்" என்று பில்லிலேயே ஒரு வரி எழுதிக் கொடுப்பதை நாங்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நம் சங்க உறுப்பினர்கள் சரக்கு இறங்கிய அன்றே மூலையை உரித்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டும் நடந்தால் ஒருவர்மேல் ஒருவர் பழி போடும் நிலை வராது, வியாபார உறவும் கெடாது. இன்று கடையைத் திறந்ததும் உங்கள் மேசையையும் குளிர்பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். பிலிம் இன்னும் ஒட்டியிருந்தால் இன்றைக்கே உரித்துவிடுங்கள்.