இருபது ஆண்டுக் கிளை

தாய்மரத்தை விட்டு விலகி வளர்ந்த கிளை, பல ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே மரத்தோடு ஒன்றாவது இயற்கையில் அரிது. பலர் கூடி எழுதும் மென்பொருளில் அது நாள்தோறும் நிகழ்கிறது. லோஹேகாவில் குடியிருந்து, விமான் நகருக்கும் கராடிக்கும் வேலைக்குச் சென்றுவரும் நம் இளைஞர்கள் 'பிராஞ்ச்' என்றும் 'மெர்ஜ்' என்றும் வீட்டில் பேசிக்கொள்வதைப் பெற்றோர் கேட்டிருக்கலாம். 'இந்த வாரம் மெர்ஜ் இருக்கிறது, ஊருக்கு வர இயலாது' என்று பிள்ளை சொல்லும்போது, அஃது என்ன வேலை என்ற வினா எழுவது இயல்பே. அதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

ஒரு மென்பொருளை நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் எழுதுகின்றனர். எல்லோரும் ஒரே பிரதியில் கைவைத்தால், ஒருவர் அரைகுறையாக விட்டுவைத்தது மற்றவருடைய வேலையைக் கெடுக்கும். ஆகவே புதிய வசதியொன்றை அமைக்க முற்படுபவர், அன்றுள்ள மூலத்திலிருந்து தனிப்படி ஒன்று எடுத்து, அதில் உழைக்கிறார். அதுவே கிளை. வேலை முடிந்தபின் அக்கிளையை மூலத்தோடு சேர்ப்பது இணைப்பு. இடைப்பட்ட காலத்தில் மூலமும் சும்மா நிற்பதில்லை. பிறர் கைபட்டு மாறிக்கொண்டே இருக்கிறது. தொல்லையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இணைக்கும் கருவி மூன்று படிகளை ஒப்பிடுகிறது: இரண்டும் பிரிந்த நாளில் இருந்த பழைய படி, இன்றைய மூலம், இன்றைய கிளை. ஓர் இடத்தை ஒரு தரப்பு மட்டுமே மாற்றியிருந்தால் கருவி அம்மாற்றத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். ஒரே வரியை இருதரப்பும் வெவ்வேறாக மாற்றியிருந்தால் 'முரண்' என்று அறிவித்து, தீர்ப்பை மனிதரிடம் விட்டுவிடும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவி இன்று உலகெங்கும் இப்பணிக்குப் பயன்படுகிறது.

கருவி காட்டும் முரண் அத்துணை அஞ்சத்தக்கதன்று. காட்டாத முரணே அஞ்சத்தக்கது. மொழிபெயர்ப்புத் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் கூறலாம். அலுவலகக் கையேடு ஒன்றை இருவர் திருத்துவதாகக் கொள்வோம். ஒருவர் 'டைரக்டர்' என்று வருமிடமெல்லாம் 'இயக்குநர்' என்று மாற்றுகிறார். மற்றவர், அதை அறியாமல், 'டைரக்டர்' என்ற பழைய சொல்லோடு புதிய அத்தியாயம் ஒன்றைச் சேர்க்கிறார். இருவரும் ஒரே வரியைத் தொடவில்லை. ஆகையால் கருவிக்கு முரண் தெரியாது. படிப்பவனோ, இவர்கள் இரு வேறு அதிகாரிகள் போலும் என்று மயங்குவான். மென்பொருளிலும் இவ்வாறே நேரும். அங்கே மயங்குவது கணிப்பொறி; அதன் பலன் வேலை நின்றுபோவதாகவும் இருக்கலாம். கிளை பிரிந்து வாழும் காலம் நீள நீள, இத்தகைய மறைமுரண்கள் பெருகுகின்றன.

அப்படியாயின், இருபது ஆண்டுகள் பிரிந்திருந்த கிளை ஒன்றை இணைக்க முடியுமா? முடிந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசி முதல் பெரும் கணிப்பொறிகள் வரை இயக்கும் லினக்ஸில் அது நடந்தது.

அக்கிளையின் நோக்கத்தை லோஹேகாவில் வாழ்வோர் எளிதில் உணர்வர். இங்கு விமானப்படை விமானங்களுக்கும் பயணிகள் விமானங்களுக்கும் ஓடுபாதை ஒன்றே. இறங்க வரும் விமானத்துக்குத் தரவேண்டிய கட்டளை சரியானதாக இருந்தால் மட்டும் போதாது. உரிய கணத்தில் வரவும் வேண்டும். தாமதமாக வந்த சரியான விடை, தவறான விடைக்கு ஒப்பாகும். தொழிற்சாலை இயந்திரக் கைகளுக்கும் இதே விதிதான். சாதாரண லினக்ஸ் மொத்தத்தில் விரைவாக வேலை செய்யும். ஆனால் அதன் உட்கருவான கெர்னல் சில காரியங்களில் இறங்கிவிட்டால், எத்துணை அவசரமான வேலை வந்தாலும், அது முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அக்காரியங்களில் பெரும்பாலானவற்றை இடைநிறுத்தி, அவசர வேலைக்கு வழிவிடச் செய்வதே அக்கிளையின் குறிக்கோள். 'பிரீஎம்ப்ட் ஆர்டி' என்பது அதன் பெயர்.

2004ஆம் ஆண்டில் இம்முயற்சி வடிவு பெற்றது. இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் அதை வளர்த்தனர். உடனே அதை இணைத்துவிட இயலவில்லை. கெர்னலின் அடிப்படைப் பூட்டுகளையே மாற்றும் வேலை அது. அதன் விளைவு எல்லா மூலைகளையும் தொடும். நேரக்கெடு தேவைப்படாத இலட்சக்கணக்கானோர் தங்கள் கணிப்பொறியின் வேகம் குறையுமோ என்று ஐயுறுவது நியாயமே. ஆகவே கிளையினர் வேறு வழியை மேற்கொண்டனர். மொத்தமாக வாயிலில் கொண்டுபோய் நிறுத்தாமல், தம் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தனர். ஒவ்வொரு துண்டும், நேரக்கெடு வேண்டாதவருக்கும் தன்னளவில் பயன்தர வேண்டும் என்பது அவர்கள் கைக்கொண்ட முறை.

2006இல் பூட்டுப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் சோதனைக் கருவி மூலத்தில் சேர்ந்தது. 2007இல் நுண்ணிய கால அளவைப் பகுதி சேர்ந்தது. அதனோடு வந்த மாற்றம், கணிப்பொறி வெறுமனே இருக்கும்போது மின்செலவைக் குறைக்கவும் உதவியது. 2008இல் கெர்னலின் உள்ளியக்கத்தைத் தடம்பற்றிக் காட்டும் கருவி சேர்ந்தது. விருந்தாளி ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு ஒரு பொருள் கொண்டுவந்தார். வீட்டாரும் அவரை விரும்பி வரவேற்றனர். மிஞ்சிய பகுதியையோ, மூலத்தின் புதிய பதிப்புகளோடு மீண்டும் மீண்டும் பொருத்திச் சோதித்து உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. புகழ் தராத வேலை அது. விட்டுவிட்டால் கிளை பட்டுப்போகும்.

பட்டுப்போகும் நிலையும் வந்தது. நிறுவனங்கள் பல இக்கிளையைப் பயன்படுத்திப் பலன் பெற்றன. அதைப் பேணுவதற்கான பொருளுதவியோ போதவில்லை. 2014ஆம் ஆண்டில், இனி இதை ஓய்வுநேரப் பணியாகவே செய்ய முடியும் என்று கிளைக்ஸ்னர் வெளிப்படையாக அறிவித்தார். அதன்பின் 2015இல் லினக்ஸ் பவுண்டேஷன் கூட்டுத் திட்டம் ஒன்றை அமைத்து நிதிக்கு வழிசெய்தது. வேலை மீண்டும் சூடுபிடித்தது.

2021இல் பூட்டுகளைப் பற்றிய மையப்பகுதி மூலத்தில் சேர்ந்தது. கடைசித் தடையாக நின்றது, கெர்னல் தன் நிலையை எழுத்தாக அறிவிக்கும் சிறு பகுதி. ஒரு செய்தி மெதுவான கம்பிவழியே வெளியேறும்வரை அவசர வேலையும் காத்திருக்க நேர்ந்தது. அதைத் திருத்தியமைக்கவே சில ஆண்டுகள் பிடித்தன. முடிவில், 2024 செப்டம்பரில், வியன்னா நகரில் நடந்த கூட்டத்தின்போது, இணைப்பு விண்ணப்பத்தைக் காகிதத்தில் அச்சிட்டுப் பொன்னிறத் தாளில் சுற்றி, டோர்வால்ட்ஸ் கையில் கிளைக்ஸ்னர் கொடுத்தார். அம்மாதம் 20ஆம் தேதி இணைப்பு நிறைவேறியது. நவம்பர் 17ஆம் தேதி வெளிவந்த 6.12ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது.

வியப்பு யாதெனில், அந்த இறுதி இணைப்பு மிகச் சிறியது. மூன்றுவகைக் கணிப்பொறி அமைப்புகளில் இவ்வசதியைத் தேர்ந்துகொள்ளலாம் என்று அனுமதிக்கும் சில வரிகளே அதில் இருந்தன. வேண்டுவோர் அதை இயக்கிக்கொள்ளலாம்; வேண்டாதோருக்கு அது மூடிய கதவு. இருபது ஆண்டு உழைப்பு எங்கே போயிற்று? அது முன்னரே, துண்டு துண்டாக, மூலத்துக்குள் குடிபுகுந்துவிட்டது.

பொதுத்திட்டங்களில் உழைக்கும் இளைஞர்கள் இதிலிருந்து சில பாடங்கள் கொள்ளலாம். மூலத்தின் மாற்றங்களை அடிக்கடி கிளைக்குள் கொண்டுவருக. முரண் சிறிதாக இருக்கும்போதே தீர்ந்துவிடும். தனித்து நிற்கக்கூடிய பகுதிகளை முதலில் சேர்த்துவிடுக. முற்றுப்பெறாத வசதியை, இயக்காமல் மூடிய நிலையிலேனும் மூலத்தில் வைக்க முடியுமா என்று பார்க்குக. கருவி 'முரண் இல்லை' என்று சொன்னபின்பும் சோதனைகளை நடத்துக. எல்லாவற்றுக்கும் மேலாக, மூலத்தைக் காப்பவரின் ஐயத்தைப் பகையாகக் கருதாதிருக்க. அவர் பிறர் பொருட்டுக் காவல் நிற்பவர்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இந்த முறை முற்றிலும் புதிதன்று. ஊரை விட்டுப் பலகாலம் பிரிந்திருந்து ஒருநாள் மொத்தமாகத் திரும்புவது கடினம். அவ்வப்போது போய்வந்து, அங்கே மாறியதை அறிந்துகொண்டவருக்குத் திரும்புதல் எளிது. ஆகவே அடுத்தமுறை பிள்ளை மெர்ஜைக் காரணம் காட்டும்போது, எத்தனை நாளாகச் சேர்க்காமல் வைத்திருந்தாய் என்று பெற்றோர் கேட்கலாம். அது தகுந்த கேள்வியே ஆகும்.