மருந்துக் கூர்க்கன்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் சந்நிதியில் வழங்கப்பெறும் திருத்துழாயை அறியாதார் இலர். வேலியோரத்துத் தும்பையும், கொல்லையிலுள்ள கற்பூரவல்லியும், சந்தைப் புதினாவும் அதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே. நாற்கோணத் தண்டு, எதிரெதிராய் அமைந்த இலைகள், உதடுபோற் பிளந்த பூ ஆகியவை இக்குடும்பத்தின் அடையாளங்களாம். இதனுள் மருந்துக் கூர்க்கன் என்னும் செடி காடுகளில் அருகிவருகின்றது.

இமயச் சாரல் முதல் தென்னாட்டுக் குன்றுகள் வரையில், வெயில் படும் வறண்ட சரிவுகளில் இது தானே வளர்வது. சுமார் இரண்டடி உயரம், பூ இளநீலம். வேர்கள் விரல்போற் பருத்து நாற்புறமும் பரவும். திருநெல்வேலிச் சீமையில் கறி சமைக்கும் சிறுகிழங்கு இதன் உறவினமாகும்.

1970-ஆம் ஆண்டுகளில் இலக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தாரும், பம்பாயில் ஹோயக்ஸ்ட் கம்பெனியாரும் இதன் வேரில் ஒரு சத்தைக் கண்டனர். அதற்கு ஃபோர்ஸ்கோலின் என்று பெயர். இருதயம், சுவாசம், கண் ஆகியவற்றின் நோய்களுக்கு அது ஆராயப்பட்டதும் வேருக்குக் கிராக்கி உண்டாயிற்று. வேரை எடுப்பதென்றால் செடியையே எடுப்பதாகும். விதை உதிருமுன் பிடுங்கிவிட்டால் மறு ஆண்டுக்கு எஞ்சுவது யாது? காட்டுச் செடி குறைந்த காரணம் இதுவே.

இதற்கு மாற்று, வயலிற் பயிர் செய்தல். சேலம் பகுதிக் குடியானவர்கள் இதனைப் பல ஆண்டுகளாகச் சாகுபடி செய்துவருகின்றனர். காஞ்சிபுரம் பக்கத்து ஏரிப் பாசன நன்செய் இதற்கு ஆகாது. நீர் தேங்கினால் வேர் அழுகும். வடிகால் உள்ள செம்மண் மேட்டுநிலமும் கிணற்று நீரும் உள்ளவர்களே முயலலாம். நான்கு அங்குல நுனித்தண்டுகளை நிழலில் வேர்விடச் செய்து, பாருக்குப் பார் 60 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 45 சென்டிமீட்டரும் விட்டு நடவேண்டும். ஏக்கருக்குச் சுமார் 15,000 செடிகள் பிடிக்கும். ஐந்தாறு மாதங்களில் வேர் எடுக்கலாம். வாங்குவோரிடம் முன்னரே விலை பேசி எழுதிக்கொள்ளாமல் நடுவது விவேகமன்று; உள்ளூர்ச் சந்தையில் இதனைக் கேட்பார் இல்லை.

வயலிற் பயிரானபின் காட்டுச் செடி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். தண்டு நட்டு வளர்த்தவை யாவும் தாய்ச்செடியின் அச்சே. வாடல் நோயோ வேர்முடிச்சு நூற்புழுவோ வந்தால் ஒன்றுபோல் எல்லாம் மடியும். விதையால் முளைத்த காட்டுச் செடிகளோ ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. நோய் தாங்கும் வகையைத் தேடவேண்டுமாயின் அங்குதான் தேடவேண்டும்.

காஞ்சியை அடுத்த உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்திலேயே, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்களின்படி, ஏரி வாரியத்துடன் தோட்ட வாரியமும் இருந்தது. 2002-ஆம் ஆண்டு உயிரியற் பல்வகைமைச் சட்டமும் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் ஒரு குழு அமையவேண்டுமென விதிக்கின்றது. ஊரிலுள்ள மூலிகைகளைப் பதிவேட்டில் ஏற்றுவது அக்குழுவின் வேலை. குன்றும் புறம்போக்கும் உள்ள கிராமங்களின் அலுவலர்கள், மருந்துச் செடிகள் நிற்கும் இடங்களை அறிந்த முதியோரையும் ஆடு மேய்ப்போரையும் கேட்டு அப்பதிவைச் செய்விப்பது நலம். பெயர் மட்டும் எழுதாமல், பூக்கும் மாதத்தையும் குறித்தல் வேண்டும்.

பயிரிடுவோர் அறுவடையன்று நோயற்ற செடிகளின் நுனித்தண்டுகளை வெட்டி நாற்றங்காலில் வைத்துக்கொண்டால், மறு நடவுக்குக் காட்டை நாட வேண்டுவதில்லை.