கிரீடம் ஏறி இறங்கிய கிரேக்கப் பதக்கம்

தீயில் வெந்து சாம்பலான பின்னும், அந்தச் சாம்பலிலிருந்தே உயிர் பெற்று எழும் பறவை பீனிக்ஸ் என்பது பழங்கதை. இந்தப் பறவையின் பெயரில் கிரேக்க நாடு ஒரு தேசிய விருதை வழங்கி வருகிறது.

கிரேக்கர்களுக்குப் பீனிக்ஸ் நெடுநாள் உறவு. துருக்கிய ஆட்சியை எதிர்த்து நடந்த விடுதலைப் போர் முடியும் முன்பே, 1828-ல், ஆளுநர் கபோதிஸ்திரியாஸ் கொண்டுவந்த முதல் நாணயத்தின் பெயரே பீனிக்ஸ்தான்.

மன்னர் பெயருக்கு மாற்று

மன்னர் கான்ஸ்டன்டைன் தம் தந்தை முதலாம் ஜார்ஜின் பெயரில் 1915-ல் ஒரு விருதை ஏற்படுத்தியிருந்தார். 1924-ல் நாடு குடியரசாயிற்று. மன்னர் பெயரில் குடியரசு விருது கொடுப்பது பொருந்துமா? அதற்குப் பதிலாக 1926 மே மாதத்தில் பிறந்ததுதான் பீனிக்ஸ் விருது.

வெள்ளை எனாமல் பூசிய சிலுவை. நடுவே நெருப்பிலிருந்து எழும் பறவை. கறுப்புக் கரையிட்ட ஆரஞ்சு நிற நாடா. பெருஞ்சிலுவை முதல் வெள்ளிச் சிலுவை வரை 5 படிகள். அரசு நிர்வாகம், விஞ்ஞானம், கலை, இலக்கியம், வாணிபம், கைத்தொழில், கப்பல் போக்குவரத்து ஆகியவற்றில் சிறந்தவர்களுக்கும், கிரேக்கத்தின் பெருமையை உயர்த்திய வெளிநாட்டினருக்கும் இது வழங்கப்படுகிறது.

1935-ல் முடியாட்சி திரும்பியது. இரண்டாம் ஜார்ஜ் மன்னர் மீண்டும் அரியணை ஏறினார். குடியரசு பெற்ற பிள்ளை என்று பீனிக்ஸ் விருது தள்ளப்படவில்லை. பதக்கத்தின் தலையில் கிரீடம் ஏறியது. பின்புறத்தில் மன்னரின் பெயரெழுத்துச் சின்னம் பொறிக்கப்பட்டது.

சிப்பாயும் பறவையும்

பறவைக்குப் பெரிய சோதனை வந்தது 1967-ல். ஆட்சியைப் பறித்த ராணுவ அதிகாரிகள், பீனிக்ஸின் முன்னே துப்பாக்கி ஏந்திய சிப்பாயை நிறுத்தி, அதையே தங்கள் ஆட்சிச் சின்னமாக்கினார்கள். நாணயத்திலும் அது இடம் பெற்றது. எதிர்த்தவர்கள் சிறைக்கும் தீவுகளுக்கும் அனுப்பப்பட்ட அந்த 7 ஆண்டுகளில், விடுதலையின் அடையாளம் அடக்குமுறையின் அடையாளமாயிற்று.

1974 ஜூலையில் ராணுவ ஆட்சி சரிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில், நூற்றுக்கு 69 பேர் குடியரசே வேண்டும் என்று வாக்களித்தார்கள்.

1975-ல் விருதுகள் திருத்தி அமைக்கப்பட்டன. பதக்கத்திலிருந்து கிரீடம் இறங்கியது. ராணுவத்தார் கறைப்படுத்தினார்களே என்று பறவையையும் நீக்கிவிடவில்லை. அது அவர்களுக்கு முன்பே மக்களுக்குச் சொந்தமானது அல்லவா?

முதலாம் ஜார்ஜ் பெயரிலான விருதுக்குப் பதிலாக அதே ஆண்டில் வந்தது ‘கௌரவ விருது’. அதில் மன்னர் பெயர் இல்லை. அறிவுத் தெய்வமான அதீனாவின் முகமும், நல்லோரே போற்றத் தக்கவர் என்ற பொருள் தரும் வாசகமும் உள்ளன. 2023 ஆகஸ்ட் 25-ம் தேதி ஏதென்ஸில் நம் பிரதமர் நரேந்திர மோடிக்கு, அப்போதைய கிரேக்கக் குடியரசுத் தலைவர் கத்தரீனா சகெல்லரோபூலூ அளித்தது இவ்விருதின் பெருஞ்சிலுவையே.

மன்னர்கள் போனார்கள், தளபதிகளும் போனார்கள். பீனிக்ஸ் இன்றும் கிரேக்கக் குடியரசின் பதக்கத்தில் சிறகு விரித்து நிற்கிறது.